குமரி மாவட்டத்தில் முதல் அலுவலகம்: இடம் பார்ப்பதிலிருந்து சாவி வாங்குவது வரை

கன்னியாகுமரி மாவட்டத்தில் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் பலரும் கட்டடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். நாகர்கோவில் வேப்பமூட்டில் ஒரு முதல் மாடி காலி, மார்த்தாண்டத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு அறை காலி என்று யாராவது சொன்னதும் போய்ப் பார்க்கிறார்கள். டைல்ஸ் புதிதாக இருக்கிறது, ஜன்னலில் வெளிச்சம் வருகிறது, வாடகையும் கட்டுப்படியாகும் போலத் தெரிகிறது. உடனே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அப்புறம் தொழிலை அந்த நாலு சுவருக்குள் பொருத்தப் பார்க்கிறார்கள். வரிசை தலைகீழாகிவிடுகிறது. முதலில் தொழில், பிறகு ஊர், பிறகு தெரு, கடைசியில் கட்டடம் என்று பார்த்தால் அலைச்சலும் செலவும் பெரிய அளவு குறையும்.

வரித் தாக்கல், கணக்கு எழுதுதல், மென்பொருள், டிசைன், டிராவல்ஸ், காப்பீடு, பயிற்சி வகுப்பு, சிறு ஏற்றுமதி போன்ற வேலைகளுக்கு முதல்முறையாக ஓர் அலுவலகம் எடுக்கப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய ஷோரூமுக்கும் கிடங்குக்கும் கணக்கு வேறு.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

யார் உங்களைத் தேடி வருவார்கள், எதில் வருவார்கள், எந்த நேரத்தில் வருவார்கள், வந்தால் எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்ற நாலு கேள்விக்கும் பதில் எழுதுங்கள். மனதில் நினைப்பது போதாது, எழுதத்தான் வேண்டும். எழுதும்போதுதான் நம் தொழிலைப் பற்றி நமக்கே தெரியாத இடங்கள் பிடிபடும்.

டிராவல்ஸ், இணையச் சேவை மையம், காப்பீட்டு முகவர் அலுவலகம் போன்றவற்றுக்கு வழியில் போகிறவர் பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வரவேண்டும். இவற்றுக்குத் தரைத்தளமும் தெருவைப் பார்த்த வாசலும் தேவை. அதற்குக் கூடுதல் வாடகை கொடுப்பது நியாயமான செலவுதான். ஆடிட்டர், வழக்கறிஞர், கட்டட வடிவமைப்பாளர் ஆகியோரிடம் ஆட்கள் போன் பண்ணிவிட்டு, பெயரைச் சொல்லித் தேடி வருகிறார்கள். இவர்களுக்கு முதல் மாடி போதும், ஆனால் வண்டி நிறுத்த இடம் வேண்டும். மென்பொருள், டிசைன், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கான கணக்கு வேலை செய்கிறவர்களைத் தேடி யாருமே வரப்போவதில்லை. அவர்களுக்கு வேண்டியது கரண்டு, இணையம், அமைதி. நாகர்கோவில் கேப் ரோட்டின் மேல் அலுவலகம் வைத்து அதற்காக மாதாமாதம் கூடுதலாகக் கொடுக்க இவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. பார்வதிபுரத்திலோ ஆசாரிப்பள்ளம் பக்கமோ உள்தெருவில் ஒரு நல்ல மாடி கிடைத்தால் ஊழியர்களும் நிம்மதியாக வேலை பார்ப்பார்கள்.

எழுதிப் பார்த்த பிறகு, இப்போதைக்கு அலுவலகமே வேண்டாம் என்று தெரிந்தாலும் தெரியலாம். தயங்காமல் வீட்டிலேயே தொடங்குங்கள். வீட்டு முகவரியில் ஜி.எஸ்.டி. பதிவும், சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் கிடைக்கும். வீடு அப்பா பெயரில் இருந்தால் அவருடைய சம்மதக் கடிதமும், வீட்டுத் தீர்வை ரசீது அல்லது இ.பி. ரசீதும் வைக்க வேண்டும். ஒரு வருடம் வீட்டிலிருந்தே வேலை பார்த்து, ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டு இடம் தேடுகிறவருக்கு, முதல் நாளே வாடகைக்குப் போகிறவரைவிட நல்ல இடம் அமையும் என்பது என் திடமான எண்ணம்.

ஊரைத் தேர்ந்தெடுப்பது

சிறிய மாவட்டம்தான். ஆனாலும் நாகர்கோவில்காரரை மார்த்தாண்டத்துக்கு வரவழைப்பதும், மார்த்தாண்டத்துக்காரரை நாகர்கோவிலுக்கு வரவழைப்பதும் எளிதில்லை. இரண்டுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர். நடுவில் வரும் ஜங்ஷன்களையும் வளைவுகளையும் தாண்டி வர ஒரு மணி நேரம் சாதாரணமாக ஆகும். ஆகவே கிழக்கா மேற்கா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அரசு அலுவலகம், நீதிமன்றம், வங்கி என்று அலையும் வேலையாக இருந்தால் நாகர்கோவில்தான் வசதி. மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் மாவட்ட நீதிமன்றமும் இங்கேதான். கோணத்தில் சிட்கோ தொழிற்பேட்டை, மாவட்டத் தொழில் மையம், அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. படித்து முடித்த பிள்ளைகளை வேலைக்கு எடுக்க நினைப்பவர்களுக்கும், தொழில் கடனுக்கு அலைகிறவர்களுக்கும் அந்தப் பக்கம் உதவும். நாகர்கோவிலுக்குள்ளேயும் எந்தப் பேருந்து நிலையத்துக்குப் பக்கம் என்பது முக்கியம். வெளியூர் ஆட்கள் வடசேரியில் இறங்குவார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள் மீனாட்சிபுரம் அண்ணா பேருந்து நிலையத்தில் இறங்குவார்கள். உங்களிடம் வருகிறவர் யார் என்று தாளில் எழுதியிருப்பீர்கள், அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மேற்கே தக்கலையில் பத்மநாபபுரம் சப் கலெக்டர் அலுவலகம் இருக்கிறது. குழித்துறையில் நீதிமன்றம், அதை ஒட்டி மார்த்தாண்டம் சந்தை. ரப்பர், தேன், முந்திரி என்று வியாபாரம் நடக்கிற பகுதி இது. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் மார்த்தாண்டத்திலிருந்து போவதே பக்கம். களியக்காவிளை பக்கம் இடம் பார்க்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர் கேரளத்தில் இருப்பதால் மட்டும் உங்களுக்கு அங்கே தனி ஜி.எஸ்.டி. பதிவு வேண்டியதில்லை, இங்கிருந்தே மாநிலம் கடந்த பில் போடலாம். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கிளை திறந்து அங்கிருந்து பில் போட்டாலும் கேரளத்தில் தனிப் பதிவு எடுக்க வேண்டும்.

கன்னியாகுமரி ஊருக்குள் இடம் எடுப்பவர்கள் சீசனை வைத்துக் கணக்குப் போடுவார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை சுற்றுலாக் கூட்டத்தோடு ஐயப்ப பக்தர்களும் சேர்ந்து தெரு நிரம்பி வழியும். அந்தக் கூட்டத்தைப் பார்த்து வாடகைக்கு ஒத்துக்கொண்டால் ஜூன், ஜூலையில் திணற வேண்டிவரும். குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று ஷட்டரையும் ஏ.சி.யின் வெளி யூனிட்டையும் சீக்கிரம் தின்றுவிடும். ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காற்றாலைகள் நிற்கிற இடத்தில் ஃப்ளெக்ஸ் பலகை வைத்தால் என்ன ஆகும் என்று பலகை அடிப்பவரிடமே கேளுங்கள், இரும்புச் சட்டத்துக்குக் கூடுதல் செலவு சொல்வார்.

சாலை மாறப் போகிறதா என்றும் விசாரியுங்கள். மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் மேம்பாலம் வந்த பிறகு தூரம் போகிற வண்டிகள் மேலே போய்விடுகின்றன, கீழே இருக்கும் பலகை அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. நான்குவழிச் சாலையும் ஊர்களை விட்டு விலகித்தான் போகிறது. வழிப்போக்கரை நம்பிய தொழிலுக்கு இது பெரிய விஷயம். உள்ளூர்க்காரரை நம்பிய தொழிலுக்கு நெரிசல் குறைவதே லாபம்.

வாடகை மட்டும் செலவில்லை

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மாத வாடகை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு பராமரிப்பு, வணிகக் கட்டணத்தில் கரண்டு, இணையம், குடிதண்ணீர் கேன், துப்புரவு எல்லாம் சேரும். முன்பணம் தனி. புரோக்கர் வழியாகப் போனால் அவருக்கு ஒரு மாத வாடகை கேட்பது வழக்கம். மேசை, நாற்காலி, வயரிங், பலகை, பெயின்ட் என்று கை வைக்கிற இடமெல்லாம் பணம்.

ஜி.எஸ்.டி.யைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. உரிமையாளர் ஜி.எஸ்.டி. பதிவு செய்தவர் என்றால் வாடகைக்கு மேல் 18 சதவீதம், அதாவது 12,000-க்கு 2,160 ரூபாய் சேர்த்து பில் தருவார். உரிமையாளர் பதிவு செய்யாதவராக இருந்து, நீங்கள் பதிவு செய்தவராக இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த 18 சதவீதத்தை நீங்களே நேரடியாக அரசுக்குக் கட்ட வேண்டும். உங்கள் தொழிலுக்கு உள்ளீட்டு வரி வரவு (செலவில் கட்டிய ஜி.எஸ்.டி.யை நீங்கள் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதி) உண்டென்றால் கட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் கையிலிருந்து பணம் போகும். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இதிலிருந்து பிறகு விலக்கு கொடுத்துவிட்டார்கள். நீங்களும் பதிவு செய்யாத சிறு தொழில்காரர் என்றால் இந்தப் பேச்சே இல்லை.

ஆறு மாத வாடகையைத் தனியாக எடுத்துவைக்க முடியவில்லை என்றால் அந்த இடம் உங்களுக்குப் பெரிது. இன்னும் சின்னதாகப் பாருங்கள். ஏற்கெனவே அலுவலகம் நடத்துகிற நண்பரிடம் ஒரு மேசை போட இடம் கேட்கலாம், ஆனால் அவரும் வாடகைக்காரர் என்றால் உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். உள்வாடகைக்கு அது சட்டப்படியே கட்டாயம்.

இடத்தை எப்படிப் பார்ப்பது

ஒரு தடவை பார்த்து முடிவு செய்யக்கூடாது. காலையில் பள்ளி நேரத்தில் ஒரு தடவை, மாலை இருட்டிய பிறகு ஒரு தடவை, மழை நாளில் ஒரு தடவை. இந்த மூன்றில் மழை நாள்தான் எனக்கு முக்கியம்.

நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு பருவம். ஜூனில் தென்மேற்கு பிடித்தால் செப்டம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும், கொஞ்சம் இடைவெளி விட்டு அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும். வருடத்தில் பாதி நாள் ஈரத்தோடுதான் பிழைப்பு. ஆகவே மழை பெய்து கொண்டிருக்கும்போது குடையை எடுத்துக்கொண்டு போங்கள். பிரதான சாலையிலிருந்து வாசல் வரை கால் நனையாமல் வர முடிகிறதா? ஓடைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? சானல் எனும் பாசனக் கால்வாயின் கரையிலோ குளத்தின் பக்கத்திலோ உள்ள கட்டடம் என்றால் சானல் நிரம்பும்போது தண்ணீர் எங்கே ஏறும் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். 2021 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது என்று கேட்டால் கையைக் காட்டியே சொல்லிவிடுவார்கள். பழையாற்றங்கரைப் பகுதிகளிலும் குழித்துறை ஆற்றுப் பக்கமும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இடம் எடுக்காதீர்கள்.

உள்ளே போனதும் சுவரைப் பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை அடி உயரத்தில் பெயின்ட் கொப்புளித்திருக்கிறதா, விரலால் தொட்டால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா? ஒட்டினால் கீழிருந்து ஈரம் ஏறுகிறது. கூரையில் மூலைகளையும் ஃபேன் மாட்டிய இடத்தையும் பாருங்கள். மஞ்சள் வளையம் தெரிந்தால் மேலே கசிவு. மேல்தளம் மொட்டை மாடியாக இருந்தால் படியேறிப் போய்த் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். கதவைச் சாத்தி ஐந்து நிமிடம் உள்ளேயே நில்லுங்கள். பூஞ்சை வாசம் அடித்தால் கம்ப்யூட்டரும் கோப்பும் வைக்க அந்த அறை ஆகாது. ஆஸ்துமா உள்ள ஊழியர் ஒருவர் இருந்தால் தினமும் கஷ்டம்தான்.

மாலை நேரத்தில் போவது வேறொரு காரணத்துக்காக. ஆறரை மணிக்கு மேல் தெருவிளக்கு எரிகிறதா, மாடிப்படியில் வெளிச்சம் இருக்கிறதா, கீழே என்ன கடை, அதன் முன்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பெண்கள் தனியாக இறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போக முடியுமா என்று யோசியுங்கள். வீட்டிலுள்ள அக்காவையோ அம்மாவையோ ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்க் கேட்டால் நமக்குத் தோன்றாத இரண்டு குறையாவது சொல்வார்கள்.

காலையில் போனால் நெரிசல் தெரியும். நாகர்கோவிலில் பள்ளியும் கல்லூரியும் அதிகம். டபிள்யூ.சி.சி. ஜங்ஷன் போன்ற இடங்களில் ஒன்பது மணிக்கு ஒரு காரைத் திருப்புவதே பெரும்பாடு. ஒருவழிப் பாதையா, எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் சுற்ற வேண்டிவரும் என்றெல்லாம் ஓட்டிப் பாருங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேர், மண்டைக்காடு கொடை நாட்களில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் போக்குவரத்து மாறும். அதற்காக இடத்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும்.

அளவை டேப் வைத்து நீங்களே எடுங்கள். 400 சதுர அடி என்று சொல்வதில் சுவர், படி, பொது வராந்தா எல்லாம் சேர்ந்திருக்கும். உள்ளே கால் வைக்கிற இடம் 300 தேறினால் பெரிது. மேசை, நாற்காலி, நடக்க வழி எல்லாம் சேர்த்து ஆள் ஒருவருக்கு 50, 60 சதுர அடி வைத்தால் நெருக்கடி இல்லாமல் இருக்கும். பீரோவும் பிரிண்டரும் வைக்கத் தனியாக இடம் விடுங்கள். வருகிறவர்களில் வயதானவர்கள் அதிகம் என்றால் படியின் உயரத்தைப் பாருங்கள். கைப்பிடி இல்லாத செங்குத்துப் படி ஒன்றே போதும், நல்ல வாடிக்கையாளர் அடுத்தமுறை வேறிடம் தேடிப் போய்விடுவார்.

கரண்டு, இணையம், தண்ணீர்

மீட்டர் பெட்டியைத் திறந்து பார்க்காமல் பேச்சை முடிக்காதீர்கள். உங்கள் அறைக்குத் தனி மீட்டர் இருக்கிறதா, அல்லது கீழ்க்கடையோடு சேர்ந்ததா? சேர்ந்ததென்றால் ஒவ்வொரு பில்லுக்கும் தகராறு. இ.பி. ரசீதில் கட்டண வகை என்ன என்று பாருங்கள். வீடாகக் கட்டிய இடத்தை அலுவலகத்துக்கு விடும்போது வீட்டு இணைப்பையே வைத்திருப்பார்கள். “அதெல்லாம் யாரும் வந்து பார்க்க மாட்டாங்க தம்பி” என்று சொல்வார்கள். வந்து பார்த்தால் கட்டணத்தை இரண்டு மடங்காகக் கணக்கிட்டுக் கட்டச் சொல்ல மின்சாரச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வணிக இணைப்பாக மாற்றித் தந்த பிறகுதான் வருவேன் என்று சொல்லுங்கள். இணைப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து பழைய பாக்கி ஏதாவது நிற்கிறதா என்று மின்வாரிய இணையதளத்தில் பார்த்துவிடலாம்.

ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று ஓடும்போது சுமார் ஒன்றரை கிலோவாட் இழுக்கும். இரண்டு ஏ.சி., ஆறு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர் என்றால் மின்வாரியம் அந்த இணைப்புக்கு அனுமதித்த லோடு தாங்குமா என்று எலக்ட்ரீசியனைக் கூட்டிப்போய்க் கேளுங்கள். லோடு கூட்டவும் மூன்று பேஸ் வாங்கவும் ஆகும் செலவை யார் தருவது என்பதை அப்போதே பேசி முடியுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இடி மின்னல் அதிகமான மாவட்டம் இது.

காற்று மழையில் தென்னை மட்டை கம்பியில் விழுந்து கரண்டு போவது நமக்குப் புதிதில்லை, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வேறு உண்டு. இன்வெர்ட்டர் வைக்க இடமும் பேட்டரிக்குக் காற்றோட்டமும் இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்துக்கு, அந்தத் தெருவில் யாருடைய ஃபைபர் ஓடுகிறது என்று பக்கத்து அலுவலகத்தில் கேளுங்கள். இணையத்தை நம்பிய தொழில் என்றால் இரண்டு நிறுவன இணைப்பு கிடைக்கிற தெருதான் பாதுகாப்பு. கட்டடத்துக்குள் செல்போன் சிக்னலையும் மூலைக்கு மூலை போய்ப் பாருங்கள்.

தண்ணீரும் கழிவறையும் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நாகர்கோவிலுக்கு முக்கடல் அணைத் தண்ணீர் வருகிறது, கோடையில் அது குறையும் நாட்களில் கட்டடத்தில் கிணறோ போரோ இருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரை ஊர்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கலாம், வாயில் வைத்துப் பார்த்துவிடுங்கள். கழிவறை எத்தனை பேருக்குப் பொது, பெண்களுக்குத் தனியாக உண்டா, யார் கழுவுகிறார்கள், சாவி யாரிடம்? இதில் குறை இருந்தால் ஊழியர் நிலைக்க மாட்டார்கள். கடை, நிறுவன ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்திருக்கிறது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட இடமில்லாத அளவுக்கு அறையைச் சுருக்கி எடுக்காதீர்கள்.

உரிமையாளர் யார்?

குமரி மாவட்டத்தில் இதுதான் சிக்கலான இடம். கட்டடங்கள் பலவற்றின் உரிமையாளர்கள் வளைகுடாவிலோ வேறு நாட்டிலோ இருப்பார்கள். நம்மிடம் சாவி காட்டுகிறவர் தம்பி, மச்சான், மாமனார் என்று யாராவது ஒருவராக இருப்பார். நல்ல மனிதராகவும் இருப்பார். ஆனால் கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. பதிவு செய்த பவர் பத்திரம் இருக்கிறதா, அதில் வாடகைக்கு விடவும் முன்பணம் வாங்கவும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இல்லையென்றால் உரிமையாளர் ஊருக்கு வரும்போது ஒப்பந்தம் போடலாம், அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. உரிமையாளர் வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால், வாடகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வரிப் பிடித்தம் செய்துதான் கொடுக்க வேண்டும். 30 சதவீதமும் அதன் மேல் செஸ் எனும் கூடுதல் வரியும். பிடித்தம் செய்யாமல் கொடுத்துவிட்டால் அந்தப் பொறுப்பு வாடகைக்காரர் தலையில் விழும். ஒப்பந்தத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டு, உரிமையாளருக்கும் எடுத்துச் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

குடும்பச் சொத்து பாகம் பிரியாமல் கிடப்பதும் இங்கே சகஜம். அண்ணன் வாடகைக்கு விடுவார், தங்கை வந்து எனக்கும் பங்கு உண்டு என்பார். தீர்வை ரசீது யார் பெயரில், இ.பி. யார் பெயரில், பத்திரம் யார் பெயரில் என்று மூன்றையும் ஒப்பிடுங்கள். பெயர்கள் வேறு வேறாக இருந்தால் காரணம் கேளுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் இலவசமாகப் பார்க்கலாம், வருவாய்த்துறை இணையதளத்தில் பட்டா பார்க்கலாம். வங்கி அடமானம் தெரிந்தால் பயந்து ஓட வேண்டியதில்லை, தவணை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடன் கட்டாமல் வங்கி கட்டடத்தைக் கையகப்படுத்தினால் உள்ளே இருக்கிறவருக்குத்தான் முதல் தொல்லை. இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல். அதற்கு முந்திய திருவிதாங்கூர் காலத்துப் பத்திரம் சிலவேளை மலையாளத்தில் இருக்கும். அப்படி ஒன்றைக் காட்டினால் விவரம் தெரிந்த பத்திர எழுத்தரிடம் கொண்டுபோய்ப் படித்துக் கேளுங்கள்.

பேசி முடிப்பதும் எழுதி முடிப்பதும்

“நாளைக்கே இன்னொருத்தர் அட்வான்ஸ் தர வாறாரு” என்ற வார்த்தைக்கு அசையாதீர்கள். “அண்ணாச்சி, எனக்கு இடம் பிடிச்சிருக்கு. இ.பி. மாத்தித் தாங்க, அந்தக் கசிவைச் சரிபண்ணித் தாங்க, இந்தத் தேதியிலே எழுதிடலாம்” என்று மரியாதையாக, தெளிவாகச் சொன்னால் பெரும்பாலான உரிமையாளர்கள் இறங்கி வருவார்கள். வாடகையில் ஆயிரம் குறைப்பதைவிட, உள்வேலை நடக்கிற ஒரு மாதத்துக்கு வாடகை வேண்டாம் என்று கேட்பது எளிதில் நடக்கும்.

தமிழ்நாட்டில் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நகர்ப்பகுதிகளில் வீட்டுக்கும் சரி, கடை, அலுவலகத்துக்கும் சரி, எழுத்து மூலமான ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்வதும் வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது என்கிறது சட்டம். நம்மூரில் ஐந்து மாதம், பத்து மாதம் என்று கேட்பது உண்டு. நீங்கள் அதற்குச் சம்மதித்து எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு பேச வழி இல்லை, எனவே கையெழுத்துக்கு முன்பே மூன்று மாதத்தைச் சொல்லிப் பேரம் பேசுங்கள். தகராறு வந்தது என்பதற்காக உரிமையாளர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் கூடாது.

பதினொரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் முத்திரை குத்துவது பழைய வழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யவேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. உள்வேலைக்குப் பெரும்பணம் போடப்போகிறீர்கள் என்றால் பதினொரு மாதத்தை நம்பாதீர்கள். மூன்று வருடத்துக்கு எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள், செலவு கொஞ்சம் ஆனாலும் நிம்மதி.

ஒப்பந்தத்தில் என்ன தொழில் என்பதை எழுதச் சொல்லுங்கள். வாடகை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எத்தனை சதவீதம் கூடும், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, முன்பணம் எப்போது திரும்ப வரும், பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டுமா, கூரைக் கசிவு யார் பொறுப்பு, நீங்கள் போட்ட ஏ.சி.யையும் தடுப்பையும் கழற்றிக்கொண்டு போகலாமா, பலகையை எந்த இடத்தில் எந்த அளவில் வைக்கலாம், வண்டி எங்கே நிறுத்தலாம் என்பதெல்லாம் ஒவ்வொரு வரியாக இருக்கவேண்டும். பலகையைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டு, பிறகு கீழ்க்கடைக்காரர் தன் பலகையை மறைக்கிறது என்று சண்டைக்கு வருவது அடிக்கடி நடக்கிறது. பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்கவேண்டும் என்பது விதி, பலகை அடிக்கக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

சாவி வாங்கும் நாள்

முன்பணத்தையும் வாடகையையும் வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள். சாவி வாங்கும்போது மீட்டர் ரீடிங்கைப் படம் எடுங்கள். ஒவ்வொரு சுவரையும், உடைந்த டைல்ஸையும், கழிவறைக் குழாயையும் வீடியோ எடுத்து அன்றைக்கே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஃபேன் எத்தனை, லைட் எத்தனை, சாவி எத்தனை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள். ஷட்டர் பூட்டை மாற்றிவிடுங்கள், பழைய வாடகைக்காரரிடம் ஒரு சாவி இருக்கக்கூடும்.

அதே முகவரியில் பழைய வாடகைக்காரரின் ஜி.எஸ்.டி. பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று உரிமையாளரைக் கேட்கச் சொல்லுங்கள். இருந்தால் உங்கள் விண்ணப்பத்தில் கேள்வி வரும். புதுப் பதிவுக்கு ஒப்பந்தம், இ.பி. ரசீது, தீர்வை ரசீது மூன்றிலும் கதவு எண் ஒரே மாதிரி இருக்கவேண்டும். பழைய கதவு எண்ணும் புது எண்ணும் கலந்து கிடக்கிற தெருக்களில் இதில்தான் விண்ணப்பம் திரும்பி வருகிறது. வீட்டு முகவரியில் ஏற்கெனவே பதிவு வைத்திருப்பவர்கள் இடம் மாறிய 15 நாளுக்குள் ஜி.எஸ்.டி.யில் திருத்தம் கொடுக்க வேண்டும். உத்யம், வங்கி, தொழில் உரிமம் இவற்றில் முகவரி மாற்றுவதையும் அந்த வாரத்திலேயே முடித்துவிடுங்கள். கூகுள் மேப்பில் இடத்தைக் குறிக்கும்போது நீங்களே வாசலில் நின்று குறியுங்கள். அடுத்த தெருவில் குறி விழுந்தால் கூரியர்காரர் அங்கே நின்றுகொண்டுதான் உங்களுக்குப் போன் பண்ணுவார்.